சேம்பர் காய்ச்சலுக்குச் சேம்பரிலேயே மருந்து வேண்டும்

வட தமிழக மாவட்டங்களின் சுகாதார அலுவலர்களுக்கும், வட்டார மருத்துவ அலுவலர்களுக்கும், செங்கல் சேம்பர் உரிமையாளர்களுக்கும்,

வணக்கம்.

மழை விட்டுக் களம் காய்ந்ததும் திருவள்ளூர் பக்கத்துச் சேம்பர்களில், அதாவது செங்கல் சூளைகளில், ஒடிசாவின் பலாங்கிர், நுவாபடா மாவட்டத்து ஆட்கள் வந்து இறங்கத் தொடங்கிவிடுவார்கள். கணவன், மனைவி, கைக்குழந்தை என்று குடும்பமாகத்தான் வருவார்கள். ஜூன் வரை குடிசை, வேலை இரண்டும் அங்கேயே. இவர்களுக்கு வரும் மலேரியாவுக்கு அடுத்த சீசனுக்குள் செய்தாக வேண்டிய ஏற்பாடுகளைப் பற்றியது இந்த மடல். மலேரியா களப்பணியிலும் ஆய்வகத்திலும் இருக்கும் நாங்கள் சேர்ந்து எழுதுகிறோம்.

தமிழ்நாட்டில் மலேரியா வெகுவாகக் குறைந்திருக்கிறது. 2027க்குள் உள்ளூர்ப் பரவலே இருக்கக்கூடாது என்பது தேசிய இலக்கு. ஆனால் நோய் குறையக் குறைய மருந்தும் கைக்கு எட்டாமல் போகிறது. வருடத்துக்கு இரண்டு மூன்று நோயாளிகள் மட்டும் வரும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் (பி.எச்.சி.) மாத்திரை காலாவதியாகும். அடுத்த இண்டெண்டில், அதாவது கிடங்குக்கு அனுப்பும் தேவைப் பட்டியலில், அதை யாரும் கேட்க மாட்டார்கள். காய்ச்சல் என்றால் டெங்குவும் டைபாய்டும்தான் முதலில் நினைவுக்கு வரும். வெள்ளிக்கிழமை மாலை எடுத்த ரத்தத் தடவலை (ஸ்லைடு) திங்கட்கிழமை பார்க்கிற லேப் என்றால், மலேரியாவில் ஆபத்தான வகையான பால்சிபாரம் மூளைக்கு ஏற அந்த இடைவெளி போதும்.

தொழிலாளி ஏன் தானாக வருவதில்லை என்று கேட்பவர்கள் கூலிக் கணக்கைப் பார்க்க வேண்டும். ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று பேசி, குடும்பமே சேர்ந்து கல் அறுக்கிறது. ஒருவர் பி.எச்.சி.க்குப் போனால் இன்னொருவர் கையும் நிற்கும். ஆள் கூட்டி வரும் தரகரான சர்தாரிடம் வாங்கிய முன்பணம் மட்டும் அப்படியே நிற்கும். அதனால் மருந்துக்கடையில் ஒரு பாராசிட்டமால், பக்கத்து கிளினிக்கில் ஓர் ஊசி. காய்ச்சல் இறங்கிவிடும், கிருமி ரத்தத்திலேயே இருக்கும். குழி தோண்டிய இடத்திலெல்லாம் தண்ணீர் தேங்கிக் கிடக்கையில், அந்த ரத்தத்தைக் குடித்த அனாபிலிஸ் கொசு அடுத்த ஊருக்குப் போக எந்தத் தடையும் இல்லை.

ஆகவே பரிசோதிக்கிறவர் கையிலேயே மாத்திரையும் இருக்க வேண்டும். மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021இலிருந்து பிரஷர், சர்க்கரை மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுபோகிறது. அதன் பணியாளர்களின் பையில் விரலில் குத்தி அங்கேயே மலேரியா பார்க்கும் ரேபிட் கிட்டையும் மலேரியா மாத்திரையையும் வைப்பது பெரிய காரியமில்லை. சேம்பர் இருக்கும் பகுதிகளின் துணை சுகாதார நிலையங்களில் மட்டும் வைத்தால் போதும்.

ஆட்கள் வந்த முதல் வாரத்திலேயே காய்ச்சல் இருந்தாலும் இல்லாவிட்டாலும் எல்லாருக்கும் ஒரு சுற்றுப் பரிசோதனை. இரண்டு வாரம் கழித்து இன்னொன்று. ரயிலில் வரும்போது கல்லீரலில் இருக்கும் கிருமி முதல் சுற்றில் தெரியாது. காய்ச்சல் இல்லாதவர்களையும் சோதித்து மருந்து கொடுப்பதை ஒடிசாவே 2017இல் தொடங்கிய ‘தமன்’ திட்டத்தில் செய்தது. 2016இல் 4 லட்சத்துக்கு மேல் இருந்த அந்த மாநில எண்ணிக்கை 2019இல் சுமார் 40,000 ஆனது. 200 பேர் இருக்கும் சேம்பருக்கு இரண்டு சுற்றுக்கு 400 கிட், இடையில் வரும் காய்ச்சலுக்கு இன்னும் 50. தலையை எண்ணும்போது மேஸ்திரியின் நோட்டை நம்பாதீர்கள். முன்பணம் வாங்கியவர் பெயர்தான் அதில் இருக்கும், பிள்ளைகள் இருக்க மாட்டார்கள். குடிசை குடிசையாக எண்ண வேண்டும். கல் அறுப்பு விடியலுக்கு முன்பே தொடங்கிவிடுவதால், வெயில் ஏறி வேலை நிற்கும் நேரத்தில் போனால்தான் ஆட்கள் கிடைப்பார்கள்.

கிட்டிலும் கோளாறுகள் உண்டு. ஏப்ரல் வெயிலில் பைக் பெட்டிக்குள் கிடந்த கிட்டை நம்ப முடியாது. பெரும்பாலான கிட்டுகளுக்கு உச்ச வரம்பு 40 டிகிரி, சிலவற்றுக்கு 30தான். உறையை விரலில் குத்துவதற்குச் சற்று முன்புதான் பிரிக்க வேண்டும். ரத்தம் 5 மைக்ரோலிட்டர், அதாவது உள்ளே இருக்கும் குட்டி வளையம் எடுக்கும் அளவு. கூடுதலாக விட்டால் பட்டை சிவந்துபோய்க் கோடு தெரியாது. கரைசலை அதற்கான குழியில் விட்டு, உறையில் போட்டிருக்கும் நிமிடக் கணக்கை போனில் அலாரம் வைத்துப் பாருங்கள்; ஒரு மணி நேரம் கழித்துத் தெரியும் கோட்டுக்கு மதிப்பில்லை. உரிய நேரத்தில் மங்கலாகத் தெரிந்தாலும் கோடு கோடுதான். இன்னொன்று: பால்சிபாரம் கோடு குணமான பிறகும் சில வாரங்கள் தெரியும். ஊரில் மருந்து சாப்பிட்டுவிட்டு வந்தவரா என்று கேளுங்கள். கூடவே ஒரு ஸ்லைடும் எடுங்கள். கிட் நெகட்டிவ், ஆனால் காய்ச்சல் விடவில்லை என்றால் மறுநாள் திரும்பவும் குத்திப் பார்க்கத்தான் வேண்டும்.

பால்சிபாரம் என்றால் வயதுக்கேற்ற நிற அட்டையில் மூன்று நாள் ஏ.சி.டி. என்ற கூட்டு மாத்திரை; 15 வயதுக்கு மேல் வெள்ளை, 9 முதல் 14 வரை சிவப்பு, 5 முதல் 8 வரை பச்சை, 1 முதல் 4 வரை மஞ்சள், ஒரு வயதுக்குள் இளஞ்சிவப்பு. இரண்டாம் நாள் ஒரே ஒரு வேளை பிரைமாக்வின், பெரியவருக்கு 45 மி.கி. இன்னொரு வகையான வைவாக்ஸ் என்றால் பெரியவருக்குக் குளோரோகுவின் 4, 4, 2 மாத்திரை என்று மூன்று நாள். முதல் வேளையை வெறும் வயிற்றில் கொடுக்காமல், கண் முன்னால் விழுங்க வைத்து அரை மணி நேரம் உட்கார வையுங்கள். அதற்குள் வாந்தி எடுத்தால் மறுபடி முழு அளவு.

சிக்கல் அதற்கப்புறம்தான். வைவாக்ஸ் கல்லீரலில் ஒளிந்துகொள்ளும். அதை அழிக்கப் பெரியவருக்கு 7.5 மி.கி. பிரைமாக்வின் தினம் 2 வீதம் 14 நாள், ஆக 28 மாத்திரை. மூன்றாம் நாளே காய்ச்சல் போய்விடுவதால் மீதி மாத்திரை குடிசைக் கூரையில் செருகப்படும். ஓரிரு மாதத்தில் காய்ச்சல் திரும்பும். அதைப் புதுக் கேஸ் என்று பதிவு செய்வார்கள். மொத்தமாக 28ஐயும் கையில் கொடுத்துவிட்டு வருவதை எங்களால் சிகிச்சை என்று ஏற்க முடியவில்லை. ஒடிய மொழியில் ஒரு நிமிடக் குரல் பதிவு, 14 கட்டம் போட்ட ஓர் அட்டை, குடிசைப் பெண்களில் ஒருவரைத் தினமும் பார்த்துக் கொடுக்கச் சொல்லி அவருக்கு ஊக்கத்தொகை. இந்த வேலையைச் சர்தாரிடம் விடாதீர்கள். மாத்திரை அவருக்கு இன்னொரு பிடி ஆகிவிடும்.

பிரைமாக்வினைக் கர்ப்பிணிகளுக்கும் ஒரு வயதுக்குள் இருக்கும் குழந்தைகளுக்கும் கொடுக்கக்கூடாது. கர்ப்பிணிக்கு மலேரியா என்று தெரிந்தால் எந்த வகையானாலும் அன்றே மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். ஜி-6-பி.டி. என்ற ரத்த நொதியின் குறைபாடு உள்ளவருக்குப் பிரைமாக்வின் ரத்த அணுக்களை உடைக்கும். பழங்குடிச் சமூகங்கள் சிலவற்றில் இந்தக் குறைபாடு அதிகம். 3ஆம் நாளும் 7ஆம் நாளும் போய்ச் சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போகிறதா, கண் மஞ்சளா என்று கேட்பதே களத்தில் செய்யக்கூடிய காவல். ஆம் என்றால் மாத்திரையை நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள்.

வலிப்பு, நினைவு தப்புதல், குடித்ததெல்லாம் வாந்தி, மூச்சுத் திணறல் என்று இருந்தால் மாத்திரையோடு நிற்கக்கூடாது. பி.எச்.சி.யில் ஆர்ட்டிசுனேட் ஊசி இருக்க வேண்டும்: கிலோவுக்கு 2.4 மி.கி., 20 கிலோவுக்குக் குறைந்த குழந்தைக்கு 3 மி.கி. 50 கிலோ ஆளுக்கு முதல் ஊசிக்கே 60 மி.கி. குப்பி இரண்டு போய்விடும். முதல் ஊசியைப் போட்டுவிட்டுத்தான் 108இல் ஏற்ற வேண்டும். அந்த வண்டி சேம்பருக்கு வந்து சேர்வதும் ஒரு வேலை; ஒடியா மட்டும் பேசுகிறவரால் ஓட்டுநருக்கு வழி சொல்ல முடியாது. ஒவ்வொரு சேம்பரின் இருப்பிடத்தையும் சீசன் தொடங்கும் முன்பே 108க்குக் கொடுத்துவிடலாம்.

உரிமையாளர்களிடம் கேட்பது கொஞ்சம்தான். ஆள் இறங்கிய அன்றே சுகாதார ஆய்வாளருக்கு ஒரு போன். நோயாளிக்கு முதல் மூன்று நாள் ஓய்வு. அந்த நாள்களை முன்பணத்தில் ஏற்றாதீர்கள். பாதிச் சிகிச்சையில் ஆளை வேறு சேம்பருக்கு மாற்றினால் எங்கே என்று சொல்லுங்கள். அட்டையும் மீதி மாத்திரையும் அவரோடு போகட்டும். ஜூனில் ஊர் திரும்புகிறவர்களின் விவரம் அந்த ஊரின் ஆஷா என்ற கிராமச் சுகாதாரப் பணியாளருக்குப் போய்ச் சேரும்படி இரு மாநில அலுவலர்களும் பேசி வைத்துக்கொள்ள வேண்டும்.

காலாவதி பயத்துக்கும் வழி உண்டு. சென்னையில் வைவாக்ஸ் நோயாளிகள் வந்துகொண்டேதான் இருக்கிறார்கள். கெடு முடிய ஆறு மாதம் இருக்கும்போதே கிராமத்துக் குளோரோகுவினையும் பிரைமாக்வினையும் நகரத்து மலேரியா கிளினிக்குகளுக்கு மாற்றிவிட்டுப் புதிதாக வாங்கிக்கொள்ளலாம். இது மருந்துக் கிடங்கில் ஒரு கடிதத்தில் முடிகிற வேலை.

நவம்பர் முடிவதற்குள் ஒவ்வொரு வட்டாரத்திலும் சேம்பர் பட்டியல், எதிர்பார்க்கும் ஆள் எண்ணிக்கை, அதற்கான கிட் இண்டெண்ட் ஆகிய மூன்றும் தயாராக வேண்டும். பட்டியல் எடுக்கவும், தன்னார்வலர்களுக்கு அரை நாள் கிட் பயிற்சி கொடுக்கவும் நாங்கள் வரத் தயார்.

இப்படிக்கு,
மலேரியா களப்பணியாளர்களும் ஆய்வக நுட்பநர்களும்