பாவாடை சட்டைக்கு ஏன் 1,450 ரூபாய்? வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். வருகிற ஆவணி முதல் தேதியிலிருந்து எங்கள் கடையில் ஐந்து வயதுப் பெண் குழந்தைக்குத் தைக்கும் சுங்குடிப் பாவாடை சட்டையின் விலை 1,250 ரூபாயிலிருந்து 1,450 ரூபாயாக உயர்கிறது. ரவிக்கை, சுடிதார், துணிப்பை, ஒட்டுப்போர்வை ஆகியவற்றின் விலையும் அதற்கேற்ப மாறும். புதிய விலைப்பட்டியலைச் சுவரில் ஒட்டிவிட்டுப் பேசாமல் இருந்திருக்கலாம். ஆனால் உங்களில் பலர் முதல் குழந்தைக்குத் தைத்து, அதே அளவுச் சீட்டோடு இரண்டாவது குழந்தைக்கும் வந்தவர்கள். கொடுக்கும் பணம் எங்கே போகிறது என்று உங்களுக்குத் தெரிய வேண்டும் என்பதால் எழுதுகிறேன்.

கணக்கைச் சொல்லிவிடுகிறேன். இரண்டரை மீட்டர் சுங்குடித் துணி 500 ரூபாய். லைனிங் துணி 140. நூல், கொக்கி, பட்டன், நாடா எல்லாம் சேர்த்து 50. ஆக, பொருளுக்கு மட்டும் 690. தையலுக்கு ஐந்து மணி நேரம் ஆகிறது. மணிக்கு 90 ரூபாய் வீதம் கூலி 450. வாடகை, மின்சாரம், மிஷின் பழுது, ஊசி ஆகியவற்றுக்கு ஓர் உடுப்பின் பங்காக 110. வெட்டும்போதோ இஸ்திரி போடும்போதோ பாழாகும் துணிக்கு 35. கடைக்கு நிற்பது 165 ரூபாய். இவற்றைக் கூட்டினால் 1,450.

இந்த முறை கூடியிருக்கும் 200 ரூபாயில் 90 ரூபாய் துணிக்கும் சில்லறைச் சாமான்களுக்கும் போகிறது. 75 ரூபாய், மணிக்கூலியை 75-லிருந்து 90 ஆக்கியதால் வந்தது. மீதி 35 வாடகைக்கும் மின்கட்டணத்துக்கும். கடையின் லாபத்தில் ஒரு ரூபாய்கூட ஏற்றவில்லை.

"ஜவுளிக்கடையில் இதே பாவாடை சட்டை 600 ரூபாய்க்குக் கிடைக்கிறதே?" என்று கேட்கிறீர்கள். கேட்பதில் தவறே இல்லை. அங்கே கிடைப்பது ஏமாற்று என்று நான் ஒருநாளும் சொல்லமாட்டேன். பெரிய ஆலையில் துணியை அடுக்கடுக்காக விரித்து, ஒரே வெட்டில் நூறு உடுப்புக்கு வெட்டிவிடுவார்கள். ஒருவர் கை மட்டும் மூட்டுவார், அடுத்தவர் கழுத்துப் பட்டி மட்டும் வைப்பார். துணியும் மீட்டர் கணக்கில் அல்ல, லாரிக் கணக்கில் வந்து இறங்கும். அந்த வேகம் எங்களுக்கு வராது. எங்கள் வெட்டுமேசையில் ஒரு நேரத்தில் ஒரு குழந்தையின் துணிதான் கிடக்கும். அந்தக் குழந்தைக்கு ஒரு தோள் சற்றுத் தாழ்ந்திருந்தால், சாக்குக்கட்டியால் போடும் கோடும் அங்கே சற்றுத் தாழும். நூல் விலை ஏறினால் பெரிய ஆலையும் தப்புவதில்லை. 2022 மே மாதத்தில் நூல் விலை உயர்வைக் கண்டித்துத் திருப்பூரே இரண்டு நாள் வேலைநிறுத்தம் செய்தது. எங்களைப் போன்ற சிறிய கடைக்கு அந்தச் சுமை சில்லறை விலையில், இன்னும் கொஞ்சம் கூடுதலாக வந்து சேரும்.

பொருள் விலையை யாரும் அதிகம் மறுப்பதில்லை. துணிக்கடைக்குப் போனால் தெரிந்துவிடும். "தையலுக்கு 450 ரூபாயா?" என்பதில்தான் முகம் மாறுகிறது. அதனால் அந்த ஐந்து மணி நேரத்தைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும்.

துணி வந்ததும் வெட்டமாட்டோம். ஓர் இரவு தண்ணீரில் ஊறவைத்து, நிழலில் காயவைத்து, இஸ்திரி போட்ட பிறகே மேசைக்கு வரும். பருத்தி முதல் துவைப்பில் சுருங்கும். அந்தச் சுருக்கம் உங்கள் வீட்டில் நடக்காமல் எங்கள் கடையிலேயே நடந்துவிட வேண்டும். (இந்த நேரத்தை ஐந்து மணிக் கணக்கில் சேர்க்கவில்லை. எல்லாத் துணிக்கும் சேர்த்துச் செய்வதால் மற்றச் செலவோடு போய்விடுகிறது.) வெட்டுக்கு நாற்பது நிமிடம். பக்கவாட்டில் மூட்டும் இடத்தில் சுங்குடிப் புள்ளி பாதியில் அறுந்து நிற்காமல் வரிசை சேர வேண்டும் என்பதால் இதில் அவசரப்பட முடியாது. பிறகு மிஷினில் இரண்டு மணி நேரம். அதன்பின் கைவேலை ஒரு மணி நாற்பது நிமிடம். கடைசி நாற்பது நிமிடம் பிசிறு வெட்டி, இஸ்திரி போட்டு, உள்ளும் புறமும் திருப்பிப் பார்ப்பதற்கு.

கைவேலையில் பாவாடையின் கீழ் ஓரத்துக்கு மட்டும் நாற்பது நிமிடம் ஆகிறது. சுற்றளவு இரண்டேகால் மீட்டர். எங்களில் மூத்தவரான அக்கா ஜன்னல் ஓரம் உட்கார்ந்து அதை மடித்துத் தைப்பார். ஊசி உள்மடிப்பில் நன்றாக ஏறி, வெளித்துணியில் ஒரே ஓர் இழையை மட்டும் தொட்டுக்கொண்டு திரும்ப வேண்டும். இரண்டு இழை சேர்ந்து வந்துவிட்டால் வெளியே புள்ளி தெரியும். நூலை இழுத்துப் பிடித்தால் ஓரம் சுருங்கும், தளர விட்டால் குழந்தையின் கால்விரல் மாட்டும். மாலை வெளிச்சம் குறைந்தால் அவர் அந்த வேலையை எடுப்பதில்லை. கரும்பச்சைத் துணியில் கரும்பச்சை நூலைப் பார்த்துத் தைக்க அவருடைய கண்ணுக்குப் பகல் வேண்டும்.

இதையே மிஷினில் மூன்று நிமிடத்தில் ஓட்டிவிடலாம். சிலருக்கு அப்படியே ஓட்டியும் கொடுக்கிறோம், 55 ரூபாய் குறையும். தினமும் விளையாடப் போடும் உடுப்பென்றால் மிஷின் ஓட்டே போதும், அதில் எந்தக் குறையும் இல்லை. உள் மூட்டுகளை நாங்களும் மிஷினில்தான் போடுகிறோம். இழுபடும் இடத்தில் மிஷின் தையல்தான் கெட்டி. கையால் தைத்தது என்பதற்காகவே ஒன்றுக்கு விலை கூட்டக் கூடாது என்பது என் எண்ணம். கை எங்கே துணிக்கு நன்மை செய்கிறதோ அங்கேதான் அதற்குக் கூலி கேட்கலாம்.

இன்னொன்றும் அந்த நேரத்துக்குள் இருக்கிறது. நம் பாட்டிமார் பாவாடை தைக்கக் கொடுக்கும்போது, "வளருகிற பிள்ளை, மடிப்பு வைத்துத் தை" என்று சொல்லியனுப்புவார்கள். நாங்கள் இப்போதும் கரைக்கு மேலே இரண்டு மடிப்பு வைக்கிறோம். இரண்டையும் பிரித்தால் நான்கு அங்குலம் நீளம் கிடைக்கும். சட்டையின் பக்கத்திலும் உள்ளே ஓர் அங்குலம் தையல் விட்டுவைக்கிறோம். இரண்டு தீபாவளி கடந்தும் அதே பாவாடையைப் போட்டுக்கொண்டு ஒரு சிறுமி கடைக்கு வந்திருக்கிறாள். மடிப்புப் பிரிப்பதற்கும் பக்கம் தளர்த்துவதற்கும் நாங்கள் காசு வாங்குவதில்லை. விலையை எடை போடும்போது இதையும் தட்டில் வையுங்கள்.

நேரத்தை இப்படி நிமிடக் கணக்கில் எழுதும் பழக்கம் எங்களுக்கு ஆரம்பத்தில் கிடையாது. என் பெரியப்பா மீனாட்சியம்மன் கோயில் கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே, புதுமண்டபத்தில் மிஷின் போட்டிருந்தார். கற்தூண்களுக்கு நடுவே வரிசையாகத் தையல்காரர்கள் உட்கார்ந்திருந்த காலம் அது. காலையில் துணி கொடுத்த வெளியூர்க்காரர் சாமி கும்பிட்டுத் திரும்புவதற்குள் சட்டை தயாராக இருக்கும். பெரியப்பாவுக்குச் சட்டைக்கு இவ்வளவு என்ற ஒரே கணக்குதான். அதற்கு எத்தனை மணி நேரம் குனிந்திருந்தார் என்று அவரும் எண்ணவில்லை, கேட்டவரும் இல்லை. அவரிடம் தொழில் கற்ற நானும் அப்படியே விலை சொன்னேன்.

கடை தொடங்கிய இரண்டாம் ஆண்டில், வெளியூர் விற்பனையாளர் ஒருவர் 60 ஒட்டுத்துணிப் பைகள் கேட்டார். பேரம் பேசிப் பேசி, பை ஒன்று 180 ரூபாய்க்கு இறங்கினேன். பெரிய ஆர்டர், கைவிடக் கூடாது என்ற ஆசை. துணி, கேன்வாஸ், ஜிப் 95 ரூபாய். வாடகைப் பங்கும் அனுப்பும் செலவும் 25. மிச்சம் 60. எல்லாப் பைகளும் போன பிறகு, என்னுடன் தைத்த ஒரு தங்கை, "அக்கா, ஒரு பைக்கு இரண்டேகால் மணி நேரம் ஆயிற்று" என்றாள். அன்றிரவு உட்கார்ந்து வகுத்துப் பார்த்தேன். மணிக்கு 27 ரூபாய்கூடத் தேறவில்லை. அடுத்த மாதம் அவள் ஒரு கடையில் விற்பனை வேலைக்குப் போய்விட்டாள். எங்களில் அவளைப் போல மூலை திருப்பத் தெரிந்தவர் வேறு யாரும் இல்லை. அவள் என்னைக் குறை சொல்லவில்லை. குறை என்னுடையது. குறைத்து விலை சொன்னது நான், அந்தக் குறைவைத் தாங்கியது அவளுடைய விரல்கள். மறுநாளே ஒரு நோட்டு வாங்கினேன். வெட்டு, ஓட்டு, கைவேலை என்று ஒவ்வொன்றுக்கும் ஆரம்பித்த நேரமும் முடித்த நேரமும் அதில் இன்றுவரை ஏறுகின்றன. விரும்பினால் கேளுங்கள், எடுத்துக் காட்டுவோம்.

ஆடித் தள்ளுபடி ஏன் இல்லை என்பதற்கும் இதுதான் பதில். 165 ரூபாய் லாபம் நிற்கும் உடுப்பில் முப்பது சதவீதம் தள்ள வேண்டுமானால், ஆனி மாதமே 600 ரூபாய்க்கு மேல் ஏற்றி எழுதியிருக்க வேண்டும். அப்படி எழுதினால் ஆனியில் வாங்கியவருக்கு நான் என்ன பதில் சொல்வேன்? ஆண்டு முழுவதும் எல்லோருக்கும் ஒரே விலைதான். குறைக்க வேண்டுமென்றால் வேலையைக் குறைத்துத்தான் குறைக்க முடியும். ஃப்ரில் வேண்டாம், பைப்பிங் வேண்டாம், ஓரம் மிஷினில் போதும் என்று சொல்லுங்கள், எவ்வளவு குறையும் என்று அங்கேயே சொல்லிவிடுவோம். மொத்தமாகக் கொடுக்க முடியாதவர்கள் இரண்டு மூன்று தவணையாகக் கொடுக்கலாம். இதற்காக யாரும் தயங்க வேண்டாம்.

துணியைப் பற்றியும் ஒரு வார்த்தை. மதுரைச் சுங்குடிக்கு 2005-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. இங்குள்ள சௌராஷ்டிர மக்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்துவந்த வேலை அது. துணியை நகநுனியால் கிள்ளி, நூலால் இறுக்கிச் சுற்றி, ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு முடிச்சாகப் போட்டுச் சாயத்தில் முக்குவார்கள். முடிச்சு அவிழ்ந்த இடத்தில் சாயம் ஏறாத புள்ளி நிற்கும். கையால் முடிந்த புள்ளி அச்சடித்த வட்டம் போல ஒரே அளவாக இருக்காது. புதுத் துணியாக இருந்தால் விரலால் தடவும்போது புள்ளி லேசாக மேடிட்டிருப்பதும் தெரியும். நாங்கள் 1,450 ரூபாய்ப் பாவாடைக்குப் பயன்படுத்துவது மெழுகு அச்சுச் சுங்குடி, அதாவது முடிச்சுக்குப் பதிலாக மெழுகை அச்சால் ஒற்றிப் புள்ளி வரவைத்தது. அதுவும் நல்ல துணிதான். ஆனால் அதை முடிச்சுச் சுங்குடி என்று சொல்லி விற்கமாட்டோம். முடிச்சுச் சுங்குடி வாங்கும்போது எங்களுக்கே மூன்று மடங்கு விலை ஆகிறது. கேட்பவர்களுக்கு மட்டும் வரவழைத்துத் தைக்கிறோம். எங்கு வாங்கினாலும், முடிச்சா அச்சா என்று கேட்டு வாங்குங்கள். முடிந்த கைக்குப் போக வேண்டிய காசு அந்தக் கைக்குப் போகட்டும்.

சென்ற ஆண்டு ஒரு அம்மா, தம் தாயார் உடுத்திய ஆறு பழைய நூல்சேலைகளைக் கொண்டுவந்து ஒட்டுப்போர்வை கேட்டார். தொட்டாலே இழை விலகும் அளவுக்கு நைந்த சேலைகள். ஒன்றின் முந்தானையில் மஞ்சள் கறை. கை துடைத்துத் துடைத்துப் படிந்தது. கறையை ஒதுக்கி வெட்டட்டுமா என்று கேட்டேன். "அது இருக்க வேண்டும், நடுவிலேயே வையுங்கள்" என்றார். ஒவ்வொரு துண்டுக்கும் அடியில் மெல்லிய புதுத்துணி கொடுத்துத் தாங்கி, மூன்று வாரத்தில் முடித்தோம். நோட்டில் ஏறிய நேரம் 52 மணி. அப்போதைய மணிக்கு 75 வீதம் கூலி 3,900, அடித்துணியும் நடுவில் வைக்கும் பஞ்சு விரிப்பும் 900, கடைச் செலவு 620, லாபம் 600. மொத்தம் 6,020 வாங்கினேன். கொடுத்துவிட்டு, "பத்தாயிரம் கேட்டிருந்தாலும் கொடுத்திருப்பேன்" என்றார். அது எனக்கும் தெரிந்துதான் இருந்தது. ஆனால் அந்தச் சேலைகளின் அருமை அவர் தாயாருடையது. அதற்கு விலை போட எனக்கு உரிமை இல்லை. எங்கள் ஐம்பத்திரண்டு மணி நேரத்துக்கு மட்டுமே உரிமை உண்டு. பழைய துணியைக் கொண்டுவருபவர்கள், "துணி எங்களுடையதுதானே, விலை குறையுமே" என்று நினைப்பதுண்டு. துணி விலை குறையும். பிரிப்பதற்கும் தாங்குதுணி கொடுப்பதற்கும் நேரம் கூடும் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

ஆடி முடியும்வரை முன்பணம் கொடுத்துப் பதிவு செய்பவர்களுக்குப் பழைய விலையே. தீபாவளி உடுப்புகளுக்குப் புரட்டாசி இருபதாம் தேதி வரை அளவு எடுப்போம். அதற்குப் பிறகு வாங்கினால் இரவு விழித்துத் தைக்க வேண்டிவரும், அதை நிறுத்திவிட்டோம். குழந்தையை அழைத்துவர முடியாதவர்கள், இப்போது சரியாக இருக்கும் சட்டை ஒன்றை அளவுக்குக் கொடுத்தனுப்புங்கள். சென்ற ஆண்டுச் சட்டையை அல்ல. சொந்தத் துணி கொண்டுவருபவர்கள் வீட்டில் நனைக்க வேண்டாம், நாங்களே நனைத்துக்கொள்கிறோம். சென்ற ஆண்டு எங்களிடம் தைத்த பாவாடை குட்டையாகியிருந்தால் அதையும் கையோடு எடுத்துவாருங்கள், மடிப்புப் பிரித்துத் தருகிறோம்.

அன்புடன்,
உங்கள் தையல் கடையிலிருந்து,
மதுரை