வயதின் மேல் பழியைப் போடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். முதியோர் இல்லங்களைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையில், ‘வயதானவர்கள் சேர்ந்து இருக்கும் இடத்தில் நோய் பரவுவது இயல்புதான்’ என்று ஒரு வரி. கட்டுரையாளர் அதை எழுதிவிட்டு அடுத்த பத்திக்குப் போய்விட்டார். என்னால் போக முடியவில்லை.

என் அம்மா நான்கு வருடம் ஓர் இல்லத்தில் இருந்தார். கடைசி வருடம் அங்கே வாந்திபேதி கண்டது. நோரோவைரஸ் என்று பிறகு சொன்னார்கள். திங்கட்கிழமை காலை ஒரு பெரியவர் கூடத்திலேயே வாந்தி எடுத்திருக்கிறார். வெறும் துடைப்பத்துணியால் துடைத்துவிட்டு, மதியம் அதே கூடத்தில் எல்லோரையும் உட்காரவைத்துச் சாப்பாடு போட்டார்கள். வெள்ளிக்கிழமைக்குள் அந்த மாடியில் 11 பேர் படுத்துவிட்டார்கள். எங்களுக்குத் தகவல் சொன்னதே அன்றைக்குத்தான். முதல் ஆள் வாந்தி எடுத்தவுடன் அவரைத் தனி அறைக்கு மாற்றி, குளோரின் கலந்த கரைசலால் அந்த இடத்தைக் கழுவி, பொதுச் சாப்பாட்டை நிறுத்தியிருந்தால் இத்தனை பேர் படுத்திருப்பார்களா? இதில் வயதின் குற்றம் எங்கே இருக்கிறது?

சுவருக்குச் சுவர் சானிடைசர் மாட்டியிருந்தார்கள். உங்கள் கட்டுரையும் ‘வாசலில் சானிடைசர் இருந்தாலே பாதிக் கவலை தீர்ந்தது’ என்கிறது. நோரோவைரஸுக்கு அது சரிவர வேலை செய்யாது, ஐயா. சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் கை கழுவ வேண்டும். அந்த மாடி முழுவதற்கும் பணியாளர்கள் கை கழுவ ஒரே ஒரு குழாய்தான் இருந்தது, அதுவும் நடைக்கோடியில். ஒருவருக்கு டயபர் மாற்றிவிட்டு அடுத்தவருக்குச் சோறூட்ட ஓடும் பெண் ஒவ்வொரு தடவையும் அங்கே போய்வர முடியுமா?

அந்தப் பெண்களில் ஒருத்தி, முந்தின இரவு முழுக்க வாந்தி எடுத்துவிட்டுக் காலையில் வேலைக்கு வந்திருந்தாள். “லீவு போட்டா சம்பளத்தைப் பிடிச்சிருவாங்கக்கா” என்றாள். அவள் மேல் எனக்கு இன்றுவரை கோபமில்லை. வாந்திபேதி நின்று 48 மணி நேரமாவது வேலைக்கு வரக்கூடாது என்பது விதி. சம்பளத்தோடு விடுப்புக் கொடுக்காமல் அந்த விதியை யாரால் காப்பாற்ற முடியும்? 2020இல் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் முதியோர் பராமரிப்பு இல்லங்களில் கொரோனா பரவியபோதும், உடம்பு சரியில்லாமல் வேலைக்கு வந்தவர்களும் பிழைப்புக்காக ஒன்றுக்கு மேற்பட்ட இல்லங்களில் வேலை பார்த்தவர்களும் ஒரு காரணம் என்று விசாரணையில் தெரிந்தது. இதெல்லாம் உங்களுக்குத் தெரியாதது அல்ல. ஆனால் அந்த நாட்களில் நீங்கள் வெளியிட்ட கட்டுரை, பார்க்க வரும் பிள்ளைகளைத்தான் குற்றம் சொன்னது. மறுத்து இரண்டு பக்கம் எழுதினேன். ‘வாசகி வருத்தம்’ என்று மூன்று வரி போட்டீர்கள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். இல்லத்தில் வாந்திபேதி கண்டதற்கு முந்தைய வருடம் அம்மாவுக்கு ஃப்ளூ வந்தது. காய்ச்சல் இல்லை. சாப்பாட்டை ஒதுக்கினார், எப்போதோ இறந்துபோன தன் அண்ணனைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். “வயசானா இப்படித்தாம்மா” என்றார்கள். முதியவர்களுக்குத் தொற்று பல சமயம் இப்படித்தான் வரும். உடம்பு சுடாது, புத்தி தடுமாறும், திடீரென்று கீழே விழுவார்கள். ஃப்ளூ மருந்தை முதல் இரண்டு நாளில் தொடங்கினால்தான் நல்ல பலன். அறிகுறி இல்லாத மற்றவர்களுக்கும் அதையே தடுப்பாகக் கொடுத்துப் பரவலை நிறுத்தலாம். அம்மாவுக்குப் பரிசோதனை செய்ததே ஐந்தாம் நாள். அந்த முறை பிழைத்துக்கொண்டார். வாந்திபேதிக்குப் பிறகு எழுந்து நடக்கவில்லை, மூன்று மாதத்தில் போய்விட்டார். அப்போதும் துக்கம் விசாரிக்க வந்தவர்கள் வயசாகிவிட்டது என்றுதான் சொன்னார்கள். அதையே உங்கள் இதழிலும் படித்ததால்தான் இந்தக் கடிதம்.

நான் கேட்பது பெரிதல்ல. அந்தச் சானிடைசர் வரியை அடுத்த இதழில் திருத்திப் போடுங்கள். இடமிருந்தால், பெற்றோரை இல்லத்தில் சேர்க்கப் போகிறவர்கள் அங்கே கேட்க வேண்டிய இரண்டு கேள்விகளையும் சேர்த்துப் போடுங்கள்: பணியாளர்கள் கை கழுவும் குழாய் எத்தனை, எங்கே இருக்கிறது? அவர்களுக்கு உடம்பு சரியில்லாத நாளில் சம்பளம் உண்டா?

இப்படிக்கு,
பல வருட வாசகி