முடிந்த சீனை அழிக்காதீர்கள்: தமிழ் ரோல்பிளே சர்வர் நடத்துபவர்களுக்கு ஒரு திறந்த மடல்

சென்னையில் இருந்தபடி டிஸ்கார்ட் என்ற அரட்டைத் தளத்தில் சர்வர் (குழு) அமைத்து, ஆளுக்கொரு கேரக்டராக எழுதி ஆடும் தமிழ்க் கற்பனை உலகங்களை நடத்திவரும் அட்மின்கள், மாடரேட்டர்கள், லோர் (அந்த உலகத்தின் வரலாறும் விதிகளும்) எழுதுபவர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

கேட்க வந்தது ஒன்றுதான். லோர் சண்டையில் நீங்கள் என்ன தீர்ப்புச் சொன்னாலும், அது சொன்ன நாளிலிருந்து மட்டும் செல்லட்டும். அதற்கு முன்பே ஆடி முடித்த சீன்களை ‘அது நடக்கவே இல்லை’ என்று அறிவிக்கும் வழக்கத்தை விட்டுவிடுங்கள்.

ஒரு குலத்துக்குத் தீ மந்திரம் உண்டா இல்லையா என்று இரண்டு பேர் நாலு நாள் மல்லுக்கட்டுகிறார்கள் என்றால், அந்தக் கேள்விக்குப் பின்னால் யாரோ ஒருவருடைய பல மாத ஆட்டம் தொங்கிக்கொண்டிருக்கும். படங்களோடு வரும் பெரிய ஆன்லைன் கேம்களில் கதை மாறினாலும் லெவல் இருக்கும், வாள் இருக்கும், சேர்த்த தங்கம் இருக்கும். எழுத்தில் ஆடும் ரோல்பிளேயில் ஆட்டக்காரர் கையில் மிஞ்சுவது அவர் எழுதிய சீன்கள் மட்டும். அவற்றைச் செல்லாது என்றால், அவர் இத்தனை நாள் அங்கே இருந்ததே செல்லாது என்று ஆகிறது. சர்வரை விட்டுப் போகிறவர்கள் பெரும்பாலும் தோற்ற வருத்தத்தில் போவதில்லை. இந்த அழிப்பில்தான் போகிறார்கள். அவரோடு அந்த சீன்களில் ஆடிய மற்றவர்களும் கொஞ்ச நாளில் மெல்ல நழுவிவிடுவார்கள்.

பெரிய நிறுவனங்களும் லோரை மாற்றியிருக்கின்றன. எப்படி மாற்றின என்பதைப் பார்த்தால் நமக்குப் பாடம் இருக்கிறது. 2002இல் வந்த வார்கிராஃப்ட் 3 ஆட்டத்தின் கையேட்டில், எரெடார் என்ற இனம் சார்கெராஸ் என்ற டைட்டனைக் கெடுத்த தரப்பில் இருந்தது. அதே உலகில் நடக்கும் வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் ஆட்டத்துக்கு 2007இல் வந்த ‘த பர்னிங் க்ரூசேட்’ விரிவாக்கம் அதைத் தலைகீழாக்கியது: சார்கெராஸ்தான் எரெடாரைக் கெடுத்தான், தப்பி ஓடியவர்களே ஆட்டக்காரர்கள் ஆடக்கூடிய புது இனமான டிரேனாய். முரண் தன் கவனக்குறைவால் வந்தது என்று கதைக்குப் பொறுப்பான க்ரிஸ் மெட்ஸன் வெளிப்படையாகவே ஒப்புக்கொண்டார். ரசிகர்கள் கொந்தளித்தார்கள், உண்மைதான். ஆனால் மாறியது யாரும் ஆடாத பழங்காலம். அதற்கு முன் அந்த இனத்தில் கேரக்டர் வைத்துக்கொள்ளவே முடியாது. எந்த ஆட்டக்காரருடைய நேற்றும் அழியவில்லை.

வார்கிராஃப்டை உருவாக்கிய ப்ளிஸார்ட் நிறுவனம் 2010 அக்டோபரில் நடத்திய ப்ளிஸ்கான் ரசிகர் மாநாட்டில், சிவப்புச் சட்டை போட்ட ஒரு ரசிகர் மேடையில் இருந்தவர்களிடம் ஃபால்ஸ்டாட் வைல்ட்ஹாமர் என்ற குள்ளர் தலைவர் எங்கே போனார் என்று கேட்டார். அவர் இறந்துவிட்டதாக மேடையில் இருந்தவர்கள் நினைத்திருந்தார்கள். ஃபால்ஸ்டாட் இறக்கவில்லை, ரசிகர் கேட்டதே சரி. ‘கேடக்ளிசம்’ என்ற விரிவாக்கம் அந்த டிசம்பரில்தான் வெளிவரவிருந்தது, அதற்குள் திருத்தினார்கள். ஆட்டத்தில் உள்ள அயர்ன்ஃபோர்ஜ் நகரில் சிவப்புச் சட்டையோடு ஒரு ‘ஃபேக்ட் செக்கர்’ பாத்திரத்தையும் நிறுத்தினார்கள். பிழை காட்டியவருக்கு உலகத்துக்குள்ளேயே மரியாதை செய்தார்கள். உங்கள் சர்வரில் லோர் பிழையைச் சுட்டுகிற புது ஆளுக்கு என்ன கிடைக்கிறது என்று கொஞ்சம் யோசியுங்கள்.

எங்களுக்கு மிகவும் பிடித்தது, 1996இல் வந்த டாகர்ஃபால் என்ற கணினி ஆட்டத்தின் முடிவை அதன் தொடரில் கையாண்ட விதம். அதற்குப் பல முடிவுகள், ஒன்றுக்கொன்று ஒத்துவராதவை. பிறகு வந்த ஆட்டங்கள் அதில் ஒன்றை மட்டும் உண்மை என்று அறிவித்திருக்கலாம். அப்படிச் செய்யாமல், காலமே முறிந்து எல்லா முடிவுகளும் ஒரே சமயத்தில் நடந்தன என்று எழுதிவிட்டார்கள். ‘டிராகன் பிரேக்’ என்று அந்த எல்டர் ஸ்க்ரோல்ஸ் தொடரின் ரசிகர்கள் சொல்வது இதைத்தான். யாருடைய ஆட்டமும் பொய்யாகவில்லை. இதை எல்லா முரணுக்கும் பயன்படுத்தினால் உலகம் சலித்துவிடும். ஆனால் ஆடியவர்களின் பக்கம் நின்று யோசித்தார்கள் பாருங்கள், அந்த மனசு வேண்டும்.

எதிர்ப்பக்கத்துக்கும் உதாரணம் உண்டு. மேசையில் ஆடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் நான்காம் பதிப்பு 2008இல் வந்தபோது ஃபர்காட்டன் ரெல்ம்ஸ் என்ற அதன் கற்பனை உலகத்தை ஏறக்குறைய நூறு ஆண்டு முன்னே தள்ளி, அந்த உலகக் கணக்கில் 1479இல் கொண்டுபோய் வைத்தது. நடுவில் ஸ்பெல்பிளேக் என்ற பேரழிவு. அதே உலகில் அமைந்த நெவர்விண்டர் நைட்ஸ் என்ற கணினி ஆட்டத்தின் கதை நடப்பது 1372இல். அதை வைத்துச் சொந்த சர்வர் நடத்திய குழுக்கள் பலவும் அந்தத் தாவலை ஏற்காமல் பழைய ஆண்டுகளிலேயே உலகத்தை வைத்துக்கொண்டன. ஆடிக்கொண்டிருக்கும் கேரக்டர்களின் காலுக்குக் கீழிருந்து தரையை உருவ அவர்கள் தயாராக இல்லை.

இனி நம் சர்வர்களுக்கு வருவோம். சண்டை தொடங்கியதும் மாடரேட்டர் முதலில் கேட்க வேண்டியது: இது உலகத்தின் உண்மை பற்றிய சண்டையா, கேரக்டர்களின் நம்பிக்கை பற்றிய சண்டையா? கம்பர் பாடலில் இராவணன் பர்ணசாலையை நிலத்தோடு பெயர்த்துச் சீதையைக் கொண்டுபோகிறான்; வால்மீகியில் கையாலேயே தூக்கிப் போகிறான். இரண்டையும் மடியில் வைத்துக்கொண்டு வளர்ந்தவர்கள் நாம். உங்கள் உலகத்தின் முதல் அரசன் கடலிலிருந்து வந்தானா, மலையிலிருந்து இறங்கினானா என்பதற்கு அட்மின் தீர்ப்பே தேவையில்லை. நெய்தல் நாட்டுப் பாணன் ஒன்று சொல்லட்டும், குறிஞ்சி வேலன் இன்னொன்று சொல்லட்டும். இருவரும் சந்தையில் மோதிக்கொள்ளும் சீன் ஒன்று கிடைக்கும். இந்தக் கேள்வியைக் கேட்டாலே பாதிச் சண்டை ஆட்டமாக மாறிவிடுகிறது.

உண்மை பற்றியதுதான் என்றால் எழுத்தில் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். இங்கேதான் நம் சர்வர்கள் சறுக்குகின்றன. லோர் பாதி அட்மின் மனசில் இருக்கிறது, மீதி ராத்திரி பதினொரு மணி வாய்ஸ் சாட்டில் இருக்கிறது. ‘அன்னிக்கு வாய்ஸ்ல பேசி முடிச்சோமே’ என்ற ஒரு வரி, அன்று நைட் ஷிஃப்டில் இருந்தவரையும் செமஸ்டர் தேர்வு எழுதிக்கொண்டிருந்தவரையும் வெளியே தள்ளிவிடுகிறது. வாய்ஸில் முடிவானது 24 மணி நேரத்துக்குள் லோர் சேனலில் எழுதப்படாவிட்டால் அது முடிவே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த ஒரு விதியே பழைய ஆட்களுக்கும் புதியவர்களுக்கும் நடுவில் இருக்கும் சுவரைப் பெருமளவு இறக்கிவிடும்.

எழுதும்போது மூன்று அடுக்காகப் பிரியுங்கள். மாறாத அடித்தளம் நாலு பக்கத்துக்குள் இருக்கட்டும். அதற்கு மேல் போனால் யாரும் படிப்பதில்லை. இரண்டாவது, சீன்களில் நடந்து பதிவானவை. மூன்றாவது, உலகத்துக்குள் இருப்பவர்கள் சொல்லிக்கொள்ளும் கதைகள். ஒவ்வொரு பதிவுக்கும் எண், தேதி, எந்த சீனிலிருந்து வந்தது என்ற குறிப்பு மூன்றும் வேண்டும். மந்திரங்களுக்கு மட்டும் கூடுதலாக நாலு வரி கட்டாயம்: செலவு என்ன, எல்லை எது, யாரால் முடியும், எதனால் தடுக்கலாம். ‘நினைத்த இடத்துக்குத் தாவும் மந்திரம்’ என்று ஒற்றை வரியில் அனுமதித்துவிட்டால், மறுவாரமே ஒருவர் வந்து ‘அப்படியானால் துறைமுகத்தில் கப்பல் எதற்கு, எல்லையில் காவல் எதற்கு’ என்று கேட்பார். அவர் கேட்பது நியாயம். செலவு எழுதாத மந்திரம்தான் நாங்கள் பார்த்த லோர் சண்டைகளுக்கு முதல் காரணம்.

இரண்டாவது காரணம் காலமும் தூரமும். ஒரே இரவில் நடக்கும் சீனை எழுத்தில் ஆட இரண்டு வாரம் பிடிக்கும். அதற்குள் அதே கேரக்டர் வேறு ஊரில் இன்னொரு சீனில் இருப்பார். ஒவ்வொரு சீனின் முதல் வரியிலும் உலக நாளையும் இடத்தையும் எழுதச் சொல்லுங்கள். நடந்தால் நாளொன்றுக்கு 25 கிலோமீட்டர், குதிரையில் 50, கப்பலுக்கு அந்தந்த வழிக்கு இத்தனை நாள் என்று ஒரு சிறு அட்டவணை எழுதி சேனலில் பின் (pin) செய்து வையுங்கள். எண்கள் துல்லியமாக இருக்க வேண்டியதில்லை, எல்லோருக்கும் ஒன்றாக இருந்தால் போதும்.

டிஸ்கார்டின் இயல்பும் தெரிந்திருக்க வேண்டும். ஆடிட் லாக் என்ற நிர்வாகச் செயல்களின் பதிவேடு 45 நாள்தான் தங்கும். ஒருவர் தன் செய்தியைத் தானே அழித்தால் அதில் பதிவாகாது. திருத்தினால் ‘திருத்தப்பட்டது’ என்ற குறி மட்டும் தெரியும், பழைய வாசகம் தெரியாது. ஆகவே புகார் வந்த உடனே சீன் முழுவதையும் படியெடுத்து வைப்பதே முதல் வேலை. அந்தத் த்ரெட்டைப் பூட்டிவிட்டு, விவாதத்துக்குத் தனி இடம் கொடுத்து, அங்கே ஸ்லோமோடை (ஒருவர் ஒரு செய்திக்கும் அடுத்ததற்கும் இடையில் காத்திருக்க வேண்டிய நேரம்) ஒரு மணி நேரத்துக்கு வைத்தால் சூடு தணியும். ஆறு மணி நேரம் வரை அதை நீட்டலாம். நைட்ரோ என்ற கட்டணச் சந்தா இல்லாதவருக்கு ஒரு செய்திக்கு 2000 எழுத்துதான். தமிழில் ‘கொ’ என்பதே கணினிக்கு இரண்டு, ‘க்’கும் இரண்டு, இருநூறு சொல் தாண்டியதும் இடம் முடிந்துவிடும். லோர் பதிவுகளை அந்த அளவுக்குள் துண்டு துண்டாக எழுதிவிடுங்கள். தேடலில் இன்னொரு தொல்லை: ‘மந்திரம்’ என்று தேடினால் ‘மந்திரத்தால்’ அகப்படாது, ஆங்கில எழுத்தில் தட்டியதும் அகப்படாது. ஒவ்வொரு பதிவின் அடியிலும் வேறு வடிவங்களையும் சேர்த்து ஒரு தேடுசொல் வரி போட்டால் ‘அப்படி ஒரு விதியே இல்லை’ என்ற வாதம் பாதி குறையும்.

தீர்ப்புச் சொல்பவர் யார்? அந்த சீனில் கேரக்டர் வைத்திருக்கும் மாடரேட்டர் கண்டிப்பாக விலக வேண்டும். எதிராளியின் கில்டில் (ஆட்டக் குழுவில்) இருப்பவரும் அப்படியே. மூன்று பேர் போதும். ஆள் இல்லையென்றால் வேறு சர்வரிலிருந்து ஒருவரைக் கேளுங்கள். இன்பாக்ஸில் வரும் ஸ்கிரீன்ஷாட்டை இரு தரப்புக்கும் காட்டாமல் கணக்கில் எடுக்காதீர்கள். பட்டிமன்றத்தில் கைதட்டல் வாங்கத் தெரிந்தவருக்குப் பாதி வெற்றி முன்பே கிடைத்துவிடும். லோர் விவாதத்தில் அது நடக்கக் கூடாது. நன்றாகப் பேசத் தெரியாத, மெதுவாகத் தட்டச்சு செய்கிற ஆட்டக்காரருக்கும் தன் பக்கத்தைச் சொல்ல 72 மணி நேரம் கொடுங்கள். மழைக்காலத்தில் அதை ஒரு வாரமாக்குங்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வேளச்சேரி, பள்ளிக்கரணை, பெரும்பாக்கம் பக்கமெல்லாம் நாள்கணக்கில் கரண்டும் நெட்டும் இல்லாமல் தண்ணீரில் கிடந்தன. அப்படி ஒரு வாரத்தில் கெடு முடிந்துவிட்டது என்று யாரையும் தோற்கடிக்கக் கூடாது.

‘போல் (வாக்கெடுப்பு) போட்டுவிடலாம்’ என்பது சுலபமாகத் தெரியும். 1992 டிசம்பரில் லாம்ப்டாமூ என்ற எழுத்துலகத்தை நடத்திய பாவெல் கர்ட்டிஸ், இனி நிர்வாகிகள் தொழில்நுட்ப வேலை மட்டும் பார்ப்பார்கள், சமூகச் சச்சரவுகளில் தலையிட மாட்டார்கள் என்று அறிவித்தார். அடுத்த ஆண்டே அங்கே ஒரு கொடுமையான அத்துமீறல் நடந்தது. பிறகு மனு, வாக்கெடுப்பு எல்லாம் வந்தன. 1996இல் நிர்வாகிகள் திரும்பவும் முடிவெடுக்கும் இடத்துக்கு வர வேண்டியதாயிற்று. லோர் கேள்விக்குப் போல் வைத்தால் பெரிய கில்ட் எது என்பது தெரியவரும், சரி எது என்பது தெரியவராது. திருவிழா எந்த வாரம், புதுத் தீவுக்கு என்ன பெயர் போன்றவற்றுக்கு வாக்கெடுங்கள். ஒருவருடைய சீன் சம்பந்தப்பட்டதற்கு வேண்டாம்.

சோழ, பாண்டியச் சாயலில் உலகம் கட்டுபவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. கிளை பிரியும் ஆண்டை முதல் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள். ‘1025 கடாரப் படையெடுப்பு வரை வரலாறு, அதன் பின் எங்கள் உலகம்’ என்று சொல்லிவிட்டால், கல்வெட்டுப் படத்தைக் கொண்டுவந்து ஒருவரின் கேரக்டரை மடக்கும் வேலை அந்த ஆண்டோடு நின்றுவிடும். குலங்களுக்கு இன்றுள்ள சாதிப் பெயர்களையோ பட்டங்களையோ அனுமதிக்கவே அனுமதிக்காதீர்கள். கதைக்குள் ‘என் முன்னோர்தான் உசத்தி’ என்று தொடங்கும் பேச்சு, ஆடுகிறவரின் சொந்த ஊர் வரைக்கும் போய் நிற்கும். இதில் மட்டும் 72 மணி நேரம் பார்க்காமல் உடனே டைம்அவுட் (பேச முடியாதபடி தற்காலிகத் தடை) கொடுங்கள். 28 நாள் வரை கொடுக்க டிஸ்கார்டில் வழி இருக்கிறது.

தீர்ப்பு ஐந்து வரிக்குள் இருக்கட்டும்: கேள்வி, முடிவு, காரணம், எந்தப் பதிவு எண் மாறுகிறது, எந்த நாள் முதல். அதோடு, பாதிக்கப்பட்டவரின் கேரக்டருக்குக் கதைக்குள்ளேயே ஒரு வழி திறந்துவிடுங்கள். தீ மந்திரம் இனி அந்தக் குலத்துக்கு இல்லை என்று முடிவானால், இதுவரை அவள் மூட்டிய தீ எங்கிருந்து வந்தது என்பது ஒரு மர்மமாகட்டும்; அதற்கான விடையை அவளை ஆடுகிறவரே எழுதட்டும். விதி உங்களுடையதாகவே இருக்கும், சீன் அவருடையதாகவே இருக்கும். ஒருவரைத் துன்புறுத்தும் சீன், அனுமதியில்லாமல் அடுத்தவர் கேரக்டரைக் கொன்ற சீன், இவை இரண்டையும் மட்டும் தயங்காமல் நீக்குங்கள். அது லோர் பிரச்சினையே இல்லை, நடத்தைப் பிரச்சினை.

இதற்கெல்லாம் ஆள் பலம் இல்லை என்பீர்கள். பழைய சேனல்களைப் படிக்கும் அனுமதியைத் திறந்துவிட்டால், பதிவுகளுக்கு எண் போடுவதையும் தேடுசொல் வரிகளைச் சேர்ப்பதையும் நாங்களே செய்து தருகிறோம். திருத்தும் அனுமதி எங்களுக்கு வேண்டாம். சரிபார்த்து ஏற்றுவது உங்கள் கையிலேயே இருக்கட்டும். அடுத்த லோர் தீர்ப்பு சேனலில் ஏறுவதற்கு முன் ‘இன்று முதல்’ என்ற சொல் அதில் இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
சென்னையில் தமிழில் ரோல்பிளே ஆடுகிறவர்கள் சிலர்