எங்கள் பெகோனியாவுக்குப் பெயர் கிடைக்க உதவியவர்களுக்கு

அன்பர்களுக்கு வணக்கம்.

நாம் பார்த்த பெகோனியாச் செடி புதிய இனம்தான் என்று கட்டுரை வெளிவந்துவிட்டது. ஆய்விதழில் நன்றியுரைக்கு ஓரிரு வரிதான் இடம். எனக்கு அது போதவில்லை. அதனால்தான் இந்த மடல்.

முதல் நன்றி, ஓடை வழியே எங்களைக் கூட்டிப்போன, ஓராங் அஸ்லி என்னும் மலேசியப் பழங்குடியைச் சேர்ந்த பெரியவருக்கு. பாக் சிக் (மலாயில் மாமா) என்றுதான் அவரைக் கூப்பிடுவோம். பெகோனியாவைப் பூவை மட்டும் வைத்துத் தீர்மானிக்க முடியாது. காயைக் குறுக்கே வெட்டி உள்ளே எத்தனை அறை, விதைகள் எப்படி ஒட்டியிருக்கின்றன, வெளியே சிறகு எத்தனை என்று பார்த்தாக வேண்டும். நாங்கள் போனபோது பூதான் இருந்தது. பாக் சிக் பிறகு தாமாகவே அந்தப் பாறைப் பக்கம் போய்ப் பார்த்துவந்து, காய் பிடித்ததும் போன் செய்தார். அந்த அழைப்பு வராவிட்டால் கட்டுரையே இல்லை.

அப்புறம், செந்தூல் மாமா. பழைய தமிழ்ப் பேப்பர்களைக் கட்டுக்கட்டாகக் கொடுத்தார். செடிகளைப் பேப்பருக்கு நடுவே பரப்பிக் கட்டி, ஸ்பிரிட் ஊற்றிப் பிளாஸ்டிக் பையில் மூடித்தான் கொண்டுவந்தோம். பெகோனியாவுக்குச் சதைப்பற்றான தண்டு. அந்த ஈரத்தில் சும்மா விட்டால் அழுகிவிடும்.

தாவரவியலாளர் ரிட்லி 1922 முதல் 1925 வரை ஐந்து தொகுதிகளாகக் கொண்டுவந்த மலாய்த் தீபகற்பத் தாவர நூலில் தொடங்கி, கெப்போங் வன ஆய்வுக் கழகத்தின் உலர்தாவரத் தாள்கள் (உலர்த்திய செடியைத் தைத்துவைத்த தாள்கள்) வரை ஒவ்வொன்றோடும் ஒப்பிட்டோம். அலமாரி அலமாரியாக எடுத்துக்கொடுத்த ஊழியர்களுக்கு நன்றி. அங்கே செடியைத் தாளில் தைத்துக்கொடுத்த அக்காவை மறக்க முடியாது. ஓர் இலையின் மேல்புறமும், பக்கத்து இலையைத் திருப்பி அதன் அடிப்புற நரம்பும் தெரியும்படி வைத்துத் தைத்தார். அந்தத் தாள்தான் இனி இந்தப் பெயருக்கு ஆதாரம். பின்னாளில் யாருக்குச் சந்தேகம் வந்தாலும் அக்கா தைத்ததைத்தான் எடுத்துப் பார்ப்பார்கள்.

2012ஆம் ஆண்டிலிருந்து புதிய இனத்தின் விளக்கத்தை லத்தீனில் எழுத வேண்டியதில்லை, ஆங்கிலமே போதும். பெயர் மட்டும் லத்தீன் முறைப்படி இருக்க வேண்டும். அதைச் சரிபார்த்துத் தந்த பேராசிரியர் ஐயாவுக்கும் நன்றி.

கட்டுரையில் மாநிலத்தின் பெயரோடு நிறுத்திக்கொண்டோம். அழகான செடியைப் பிடுங்கி விற்பவர்கள் இப்படிப்பட்ட கட்டுரைகளை வைத்தும் இடம் தேடுகிறார்கள். ஓடை எங்கே என்று தெரிந்தும் வாய் திறக்காத டிரைவர் அண்ணனுக்கும் கூட வந்த மாணவர்களுக்கும் தனி நன்றி. இனி இன்னும் நிறையப் பேர் கேட்பார்கள். தயவுசெய்து யாரிடமும் சொல்லிவிடாதீர்கள்.