ஒழுங்கைச் சனத்துக்கும், பெயர் தெரியாத அந்த அண்ணைக்கும்

அன்புள்ள எல்லோருக்கும்,

தீயணைப்பு வீரர் வேலைக்கான என் விண்ணப்பம் இன்று காலை பதிவுத் தபாலில் போய்விட்டது. பற்றுச்சீட்டு மேசையில் எனக்கு முன்னால் இருக்கிறது. ஆறுதலாக இருந்து நாளைக்கு எழுதலாம் என்று அம்மா சொன்னா. எனக்குப் பொறுக்கவில்லை, இன்றைக்கே எழுதிவிட வேண்டும் போல இருக்கிறது.

எங்கள் வீடு எரிந்த அன்றிரவு என்ன நடந்தது என்பதை நான் திரும்பச் சொல்லத் தேவையில்லை. வாளியோடு நின்றவர்களே நீங்கள்தான். வழியில் காணும்போதெல்லாம் விசாரிக்கிறவர்களுக்காக இதை மட்டும் சொல்கிறேன்: அம்மாவின் கை ஆறி வருகிறது, தம்பி பள்ளிக்கூடம் போகத் தொடங்கிவிட்டான், சின்னம்மா வீட்டில் எங்களுக்கு ஒரு குறையும் இல்லை.

நெருப்பு அடங்கிய பிறகு நடந்த ஒன்றைத்தான் இங்கே எழுத வேண்டும். அதற்குள் பாதிப் பேர் வீட்டுக்குப் போய்விட்டீர்கள்.

அணைந்துவிட்டது என்று நாங்கள் நினைத்த நெருப்பு, ஓட்டுக்குக் கீழே வளையிலும் சிலாகையிலும் கனன்றுகொண்டே இருந்தது. யாழ் மாநகர சபையின் தீயணைப்புப் பிரிவினர் ஓடுகளைக் கழற்றி, மரத்தைக் கிளறிப் பார்த்து, சூடு இருந்த இடத்திலெல்லாம் திரும்பவும் தண்ணீர் அடித்தார்கள். அந்த வேலை முடிகிற நேரத்தில் அவர்களில் ஒருவர் அம்மாவிடம் வந்தார். "அம்மா, காணி உறுதி, பிள்ளையளின்ர சேட்டிபிக்கற் எல்லாம் எங்க வைச்சிருக்கிறியள்?" என்று கேட்டார்.

வேறு எதையும் கேட்கவில்லை. நகை எங்கே, காசு எங்கே என்று கேட்கவில்லை. இந்த ஊர்க்காரனுக்குத்தான் அப்படிக் கேட்கத் தோன்றும். 1995 ஒக்டோபரில் சண்டையால் வலிகாமமே எழும்பி நாவற்குழிப் பாலம் தாண்டிப் போனபோது, சோற்றுப் பானையை விட்டுவிட்டுப் போனவர்கள்கூட உறுதியும் சான்றிதழும் வைத்த பையை விடவில்லை. அப்பம்மா தலையில் வைத்துக் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவந்த அதே றங்குப் பெட்டிதான் எங்கள் வீட்டுச் சாமான் அறையில் இருந்தது. அம்மாவுக்கு வாய் வரவில்லை. கையைக் காட்டினா. அவர் டோர்ச்சோடு உள்ளே போய்ப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

பெட்டி எரியவில்லை. ஆனால் உள்ளே தண்ணீர் போய்விட்டது. என் பிறப்பு அத்தாட்சிப் பத்திரம், சாதாரணதர, உயர்தரப் பெறுபேறுகள், வலய மட்டத்தில் ஓடி வாங்கிய விளையாட்டுச் சான்றிதழ்கள், காணி உறுதி, எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கிடந்தன. விண்ணப்ப முடிவுத் திகதி கிட்ட வந்துகொண்டிருந்தது. பிறப்புப் பத்திரத்துக்குப் பிரதேச செயலகத்தில் பிரதி எடுக்கலாம், பெறுபேற்றுக்குப் பரீட்சைத் திணைக்களம் இருக்கிறது. விளையாட்டுச் சான்றிதழுக்கு எங்கே போவது? அதில் கையெழுத்து வைத்த அதிபர் இப்போது உயிரோடு இல்லை. நான் அவசரப்பட்டு ஒரு தாளைப் பிரிக்கப் போனேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இழுக்காத தம்பி. ஈரத்தில இழுத்தா எழுத்தும் சேர்ந்து வரும். பழைய பேப்பர் கொஞ்சம் எடுக்கலாமோ?"

எதிர்வீட்டு மாமி ஒரு கட்டு உதயனும் வலம்புரியும் கொண்டுவந்து தந்தா. நனைந்த உடுப்போடேயே அந்த அண்ணை மாமியின் விறாந்தையில் சப்பாணி கட்டி இருந்தார். தானாக விட்டுக்கொடுத்த தாள்களை மட்டும் ஒவ்வொன்றாக எடுத்து, இரண்டு பத்திரிகைத் தாளுக்கு நடுவில் வைத்தார். ஒட்டிக் கிடந்ததை அப்படியே விட்டார், கொஞ்சம் உலர்ந்தால் தானாகப் பிரியும் என்றார். லமினேற் பண்ணியதன் விளிம்பை மட்டும் கத்தரிக்கோலால் வெட்டி உள்ளே நின்ற தண்ணீரை வடியவிட்டார். "வெயிலில காயப்போடாதேங்கோ, தாள் சுருண்டு போகும், மையும் மங்கும். நிழலில விரிச்சு, ஃபானை நேர பிடிக்காமல் தள்ளி வையுங்கோ. காலமையும் பின்னேரமும் பேப்பரை மாத்துங்கோ. ரண்டு நாளுக்குள்ள காயாட்டில் பூஞ்சணம் பிடிச்சிடும்."

அப்போதுதான் அவரிடம் சொன்னேன், நான் உங்கள் வேலைக்குத்தான் விண்ணப்பிக்கப் போகிறேன் என்று. நிமிர்ந்து ஒருதரம் பார்த்தார். "ஓடுறனியோ? நீந்துவியோ? உயரத்தில நிண்டா தலை சுத்துமோ?" என்று கேட்டார். பதிலைக் கேட்டுக்கொண்டே அடுத்த தாளை எடுத்தார். பிறகு, விடிந்ததும் அந்தச் சாமான் அறைக் கதவை ஒருக்கால் பார் என்றார். பார்த்தேன். வெளிப்பக்கம் கரிக்கட்டை. உள்பக்கத்தில் வர்ணம்கூடக் கலையவில்லை. சாத்தியிருந்த ஒரு மரக்கதவுதான் அந்தப் பெட்டியை எங்களுக்காகப் பிடித்து வைத்திருந்தது. நெருப்புக்கு வெப்பமும் எரிபொருளும் காற்றும் வேண்டும் என்று புத்தகத்தில் பாடமாக்கி வைத்திருந்தேன். அதன் அர்த்தம் அந்தக் கதவடியில் நின்றபோதுதான் விளங்கியது.

அவர் பெயரைக் கேட்க வாய்க்கவில்லை. வண்டி புறப்பட்டுவிட்டது. ஏறத்தாழ 97 ஆயிரம் புத்தகங்களோடு 1981 இல் நூலகத்தை நெருப்புக்குக் கொடுத்த ஊர் இது. அந்த ஊரில், நடுச்சாமத்தில், முன்பின் தெரியாத ஒரு பெடியனின் தாள்களைப் பத்திரிகைக்குள் வைத்து உலர்த்திக்கொண்டிருந்தார் அவர். அண்ணை, இதை யாராவது உங்களிடம் காட்டினால் தெரிந்துகொள்ளுங்கள்: விளையாட்டுச் சான்றிதழ்கள் அத்தனையும் தப்பிவிட்டன. உறுதியில் ஒரு மூலை மட்டும் மங்கல், முத்திரை தெளிவாக இருக்கிறது.

மற்றவர்களை ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன், குறைநினைக்க வேண்டாம். அம்மாவின் கையில் பற்பசை பூச ஓடிவந்தவர்களை மறித்து, ஓடுகிற குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் பிடித்து வைத்திருந்த தாதி அக்கா. 1990 என்ற எண்ணுக்கு அழைத்து, அம்புலன்ஸ் ஒழுங்கைக்குள் திரும்ப மதிலடியில் நின்ற மோட்டார் சைக்கிள்களை எல்லாம் தூக்கி வைத்த பெடியள். கடிதத்தைக் கையோடு எழுதித் தந்த கிராம அலுவலர். படிக்க மேசையும் வெளிச்சமும் தந்த சனசமூக நிலையம். விடியற்காலையில் துரையப்பா விளையாட்டரங்கில் என்னோடு ஓடி, களைத்துப்போய் நிற்கிற ஒவ்வொரு தரமும் பின்னால் வந்து தள்ளிய நண்பர்கள். காயப்பட்டவரைத் தோளில் தூக்கிப் பழக, திருநெல்வேலிச் சந்தையில் மூட்டை சுமக்க விட்ட அண்ணை. முப்பது அழுத்தம், இரண்டு மூச்சு என்று நெஞ்சழுத்தம் பழக்கிய முதலுதவி ஆசிரியர், அவர் தாளம் தவறவே விடமாட்டார். கயிறு ஏறப் பழக்கிய கிணறு இறைக்கிற ஐயா. "தண்ணி இறைக்கிற மெசினைக் கிணத்துக்குள்ள இறக்கி ஓட்டுறவனைக் கண்டா உடன நிப்பாட்டு, அந்தப் புகையில வாற நச்சுக் காத்து கண்ணுக்கும் தெரியாது, மூக்குக்கும் தெரியாது" என்று அவர் சொன்னதை நான் என்றைக்கும் மறக்க மாட்டேன். கிணற்றை நம்பி வாழ்கிற இந்த மண்ணில் தீயணைப்பு வீரனுக்கு அதுவும் முக்கியமான பாடம்.

வேலை கிடைக்குமா என்பது நேர்முகத்திலும் உடற்தகுதித் தேர்விலும் தெரியவரும். கிடைத்தால், நெருப்பு அணைந்த வீட்டில் நானும் அந்தக் கேள்வியைக் கேட்பேன்: உறுதி எங்கே, பிள்ளைகளின் சான்றிதழ் எங்கே? வண்டியில் பழைய பத்திரிகைக் கட்டு ஒன்றும் எப்போதும் என்னோடு இருக்கும்.

கிடைக்கும்வரை சும்மா இருக்க மனமில்லை. 2021 கடைசியில் நாடு முழுக்க கேஸ் வெடித்த செய்திகள் வந்தபோது எல்லோரும் குழாயையும் றெகுலேட்டரையும் தடவித் தடவிப் பார்த்தோம், பிறகு விட்டுவிட்டோம். கசிகிற கேஸ் காற்றைவிடப் பாரமானது, குசினி நிலத்தோடு படிந்து கிடக்கும். இந்த ஞாயிறு காலையிலிருந்து ஒழுங்கையின் கிழக்குப் பக்கத்தில் தொடங்கி வீடு வீடாக வருகிறேன். சவர்க்காரத் தண்ணீர் தடவிக் குமிழி வருகிறதா என்று பார்த்துத் தருகிறேன். படலையைத் திறந்து வையுங்கள்.

அன்புடன்,
கருகின வீட்டுப் பெரிய பெடியன்