பாப்பா ரைஃபிள் பழகட்டும், அக்கா

அன்புள்ள அக்காவுக்கு,

பாப்பாவை ரைஃபிள் பயிற்சிக்கு அனுப்பப் போவதில்லை என்று நீ முடிவெடுத்துவிட்டதாக அத்தான் சொன்னார். போனில் பேசினால் நம் இரண்டு பேருக்கும் குரல் ஏறிவிடும், அதனால் எழுதுகிறேன். நாலு பேர் படிக்கிற இடத்தில் எழுதலாமா என்று கேட்டதற்கு, "எழுதிக்கோ, ஆனா நான் சொன்னதையும் சேர்த்து எழுது" என்றாய். சரி, அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

"துப்பாக்கி பிடிச்ச கை நல்ல கையா இருந்து நான் பார்த்ததில்லை" என்றாய். உன் மாமியார், பொம்பளைப் பிள்ளைக்கு எதுக்கு இதெல்லாம், நாளைக்கு யார் கட்டுவா என்றார்களாம். பள்ளிக்கூடத்தில் ஒரு டீச்சர் வகுப்பு நடுவே, "என்ன, ரவுடி ஆகப்போறியா?" என்று பாப்பாவைக் கேட்டாராம். உனக்கு இது தெரியுமோ தெரியாதோ, அன்றிலிருந்து அவள் சிநேகிதிகளிடம்கூட இந்தப் பேச்சை எடுப்பதில்லை. பதினைந்து வயதுப் பெண் தனக்குப் பிடித்த ஒன்றை ஒளித்து வைக்கிறாள். என்னை எழுத உட்கார வைத்தது அதுதான்.

உன் பயம் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும், நான் வளர்ந்ததும் அதே வீடுதானே. அப்பா குத்தகைக்கு உழுத காலத்தில் பண்ணை வீட்டுத் தாழ்வாரத்தில் ஒரு இரட்டைக்குழல் துப்பாக்கி மாட்டியிருக்குமாம். யாரும் அதை எடுத்துச் சுட்டு அவர் பார்த்ததே இல்லை. சுட வேண்டிய தேவையும் இல்லை. அது அங்கே தொங்கினால் போதும், கூலி கேட்டு வந்தவன் குரல் தானாகத் தாழ்ந்துவிடும். நெல் கூலியைக் கொஞ்சம் கூட்டிக் கேட்டவர்களுக்கு 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் என்ன நடந்தது என்று இந்த டெல்டாவில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. 44 பேரை ஒரு குடிசைக்குள் வைத்து எரித்தார்கள். அன்றைக்கு ஊருக்குள் வந்தவர்கள் கையில் துப்பாக்கியும் இருந்தது. அப்பா இதைச் சொல்லும்போதெல்லாம் அம்மா எழுந்து உள்ளே போய்விடுவார். அந்த வீட்டில் வளர்ந்த நீ, துப்பாக்கி என்றதும் முகம் சுளிப்பதை நான் எப்படிக் குறை சொல்ல முடியும்?

ஆனால் அக்கா, அந்தப் பயத்துக்கு ஒரு முகவரி இருந்தது. நிலமும் ஆளும் அதிகாரமும் ஒரே வீட்டில் சேர்ந்திருந்தன, துப்பாக்கியும் அந்த வீட்டில் இருந்தது. உன் பயம் போய்ச் சேர வேண்டிய இடம் அந்த வீடு. குத்தகைக்காரன் பேத்தி நின்று குறி பழகும் இடத்துக்கு அதை அனுப்பாதே.

குறுவைக்குப் பணம் புரட்ட நகைக்கடன் வைக்கப் போவாயே, அந்த பேங்க் வாசலில் பெரிய மீசையோடு ஒரு தாத்தா ஸ்டூலில் உட்கார்ந்திருப்பார். ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றவர். மடியில் இருப்பது துப்பாக்கிதான். அப்படி வேலைக்கு வரும் முன்னாள் ராணுவத்தினர் பலருக்கு அது சொந்தத் துப்பாக்கி, சொந்த லைசென்ஸ். நீ அவரிடம் பேரன் படிப்பைப் பற்றி விசாரித்துவிட்டு உள்ளே போகிறாய். தேர்தல் அறிவிப்பு வந்தால் லைசென்ஸ்காரர்கள் வரிசையில் நின்று காவல் நிலையத்தில் ஒப்படைத்துவிட்டு ரசீது வாங்கிக்கொண்டு வருகிறார்கள். அவர்களும் துப்பாக்கி வைத்திருப்பவர்கள்தான். சினிமா வில்லன் முகம் நமக்கு முதலில் ஞாபகம் வருவதால் இந்த முகங்கள் கண்ணில் படுவதில்லை.

பக்கத்து வீட்டு வாத்தியார் அமெரிக்கப் பள்ளிக்கூடங்களைப் பற்றிச் சொன்னாராம். அங்கே நடப்பது கொடுமை, அதில் எனக்கு இரண்டாவது பேச்சே இல்லை. ஆனால் அங்கே துப்பாக்கி வாங்குவதும் இங்கே வாங்குவதும் ஒன்றில்லை. நம் ஆயுதச் சட்டம் 1959-ல் வந்தது. 21 வயது நிரம்பாதவர்கள் பொதுவாகத் துப்பாக்கி வைத்திருக்க முடியாது, மேற்பார்வையோடு பழகுவதற்கு மட்டும் விலக்கு உண்டு. லைசென்ஸ் கேட்டால் போலீஸ் விசாரணை உண்டு. 2019-ல் சட்டத்தைத் திருத்தி, ஒருவர் மூன்று வைத்திருக்கலாம் என்று இருந்ததை இரண்டாகக் குறைத்தார்கள்.

பாப்பா பழக நினைப்பது ஏர் ரைஃபிள். வெடிமருந்து கிடையாது, அழுத்தி அடைத்த காற்றுதான் ரவையைத் தள்ளுகிறது. ரவையின் குறுக்களவு 4.5 மில்லிமீட்டர். இந்த அளவில் 20 ஜூல் ஆற்றலுக்கு உட்பட்ட ஏர் ரைஃபிளை வைத்திருக்க லைசென்ஸ்கூடத் தேவையில்லை. போன வருஷம் என்.சி.சி. முகாமில் அவள் சுட்டது .22 ரைஃபிள். அது நிஜத் தோட்டா போடுகிற நிஜத் துப்பாக்கி, ஏர் ரைஃபிளைவிடப் பல மடங்கு வலுவானது. அந்தப் படிவத்தில் கையெழுத்துப் போட்டது நீதான் அக்கா. திரும்பி வந்தவளைக் காக்கி யூனிஃபார்மோடு நிற்க வைத்து போட்டோ எடுத்து குடும்ப குரூப்பில் போட்டாய். காக்கி இருந்தபோது வராத பயம் இப்போது ஏன் வருகிறது என்று ஒரு நிமிஷம் யோசித்துப் பார்.

அதற்காக ஏர் ரைஃபிள் விளையாட்டுச் சாமான் என்று நான் சொல்லவே மாட்டேன். அந்தச் சின்ன ரவை ஒரு கண்ணைக் குருடாக்கும், படாத இடத்தில் பட்டால் உயிரே போகும். லைசென்ஸ் வேண்டாம் என்று சட்டம் விட்ட இடத்தில் வீடு கண்டிப்பாக இருக்க வேண்டும். நம் பக்கத்தில் ஏர்கன்னைத் தூக்கிக்கொண்டு வயலில் இறங்கி கொக்கையும் மடையானையும் சுட்டு, ரோட்டோரத்தில் விற்பவர்களை நீயும் பார்த்திருக்கிறாய், நானும் பார்த்திருக்கிறேன். ஒரு பக்கம் வடுவூர், இன்னொரு பக்கம் உதயமார்த்தாண்டபுரம் என்று பறவைகளுக்கு இரண்டு சரணாலயங்கள் வைத்துக்கொண்டு இடையில் இந்த வேலை. 1972 வனவிலங்குச் சட்டப்படி அது குற்றம். எனக்கு அவர்கள் மேல் வருகிற கோபம் உன் கோபத்தைவிடப் பெரியது, ஏனென்றால் என் தோளில் இருக்கும் நீளமான ரைஃபிள் பையைப் பார்க்கிறவர்கள் என்னையும் அவர்களில் ஒருவனாகத்தான் நினைக்கிறார்கள். பஸ்ஸில் அந்தப் பையோடு ஏறினால் பக்கத்து சீட்டுக்காரர் நகர்ந்து உட்காருகிறார். முன்பு இருந்த வீட்டின் ஓனர், பையில் என்ன என்று தெரிந்ததும் வேறு வீடு பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டார். பாப்பாவுக்கும் இது நடக்கும். அப்போது அவள் பின்னால் வீட்டில் யாராவது நிற்க வேண்டாமா?

இனி சுடப் பழகும் ரேஞ்சுக்குள் என்ன நடக்கிறது என்று சொல்கிறேன், நீ உள்ளே வந்து பார்த்ததில்லை அல்லவா.

உள்ளே நுழைந்தால் முதலில் உன் காதில் விழுவது அமைதி. வரிசையாக நிற்பார்கள், எதிரே பத்து மீட்டர் தள்ளி டார்கெட். அதன் நடுவில், பத்து மார்க் தரும் பொட்டின் அகலம் அரை மில்லிமீட்டர், பேனா முனையால் வைத்த அளவுதான். சுடாத நேரத்தில் குழலுக்குள் பளிச்சென்ற நிறத்தில் ஒரு கயிறு செருகியிருக்கும், உள்ளே ரவை இல்லை என்று தூரத்திலிருந்தே தெரிவதற்காக. குழல் எப்போதும் டார்கெட் பக்கம்தான் பார்க்க வேண்டும். யாரையாவது திரும்பிப் பார்த்துப் பேச வேண்டுமென்றால் ரைஃபிளைக் கீழே வைத்துவிட்டுத்தான் திரும்ப வேண்டும். குறி பார்க்கும்வரை விரல் ட்ரிகர் பக்கம் போகக் கூடாது. "ஸ்டாப்" என்று ஒரு குரல் வந்தால், உலக சாம்பியனாக இருந்தாலும் அந்த நொடியே நிறுத்த வேண்டும். ரவை ஈயம் என்பதால் முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் ஒரு பிஸ்கட்டைக்கூடத் தொட விடமாட்டார்கள். இதில் ஒன்றை மீறினாலும் கோச் வெளியே உட்கார வைத்துவிடுவார், வயது பார்க்க மாட்டார்.

போட்டி என்றால் 75 நிமிஷத்தில் 60 ரவை. நட்ட நடுவில் பட்டால் ஒரு ரவைக்கு அதிகபட்சம் 10.9 புள்ளி, ஆக மொத்தம் 654. பெண்களுக்கு முன்பு 40 ரவையாக இருந்தது, 2018 முதல் ஆண்களுக்குச் சமமாக 60. ரைஃபிள் ஐந்தரைக் கிலோவரை இருக்கலாம். அதை ஏந்திக்கொண்டு, இடது முழங்கையை இடுப்பில் ஊன்றி, கித்தானும் தோலும் வைத்துத் தைத்த விறைப்பான ஜாக்கெட்டுக்குள் வியர்த்துக் கொட்டி நிற்க வேண்டும். மூச்சைப் பாதி விட்டு நிறுத்துகிறோம். அப்போது நெஞ்சு துடிப்பது குழல் நுனியில் தெரியும். இரண்டு துடிப்புக்கு நடுவில் இருக்கும் இடைவெளியில் ட்ரிகரை அழுத்த வேண்டும். கோபத்தோடு வந்தவனால், பதற்றத்தோடு வந்தவனால், யாரையோ ஜெயிக்க வேண்டும் என்ற வெறியோடு வந்தவனால் அது முடியாது. எட்டு, ஏழு என்று டார்கெட்டே அவனைக் காட்டிக்கொடுத்துவிடும்.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது இன்னொன்று. குறி பார்த்துக்கொண்டே இருக்கும்போது ஏதோ சரியில்லை என்று தோன்றினால், சுடாமல் ரைஃபிளை இறக்கிவிட வேண்டும். கண்ணை மூடி, மூச்சு விட்டு, முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். புதிதாக வருகிறவர்களுக்கு இதுதான் கஷ்டம், ஏந்திவிட்டோமே, சுட்டுவிடலாம் என்று கை பரபரக்கும். பாப்பா முதல் தடவை என்னோடு வந்தபோதே மூன்று நான்கு முறை சுடாமல் இறக்கினாள். யாரும் சொல்லித்தரவில்லை. கோச் என்னைத் திரும்பிப் பார்த்து, "இந்தப் பொண்ணை விட்றாதீங்க" என்றார். நம் வீட்டில் எல்லோருக்கும் முன்கோபம், உனக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். அவளுக்கு அது வரவில்லை அக்கா.

பெரிய ஆட்களைப் பற்றியும் சொல்லட்டுமா? இளவேனில் வாலறிவன் கடலூரில் பிறந்தவர், கொள்ளிடத்தைத் தாண்டினால் அந்த மாவட்டம்தான். குஜராத்தில் வளர்ந்தார். 2019-ல் ரியோ உலகக் கோப்பையில் இதே பத்து மீட்டர் ஏர் ரைஃபிளில் தங்கம், பிறகு டோக்கியோ, பாரிஸ் என்று இரண்டு ஒலிம்பிக். பக்கத்துப் புதுக்கோட்டையிலிருந்து பிரித்விராஜ் தொண்டைமான் பாரிஸுக்குப் போனார். ஆனால் அவர் அரச குடும்பம், அதைச் சொன்னால் "அவங்களுக்கென்ன" என்பாய், விட்டுவிடுகிறேன். மனு பாக்கர் கதையைக் கேள். டோக்கியோவில் போட்டி நடுவில் பிஸ்டல் பழுதாகி நேரம் போய், இறுதிச் சுற்றுக்கே வர முடியவில்லை. அடுத்த ஒலிம்பிக்கில், 2024 பாரிஸில், இரண்டு வெண்கலம். அவனி லேகரா 2012-ல் கார் விபத்துக்குப் பிறகு சக்கர நாற்காலிக்கு வந்தவர். ஏர் ரைஃபிளில் பாராலிம்பிக் தங்கம் டோக்கியோவிலும் வாங்கினார், பாரிஸிலும் வாங்கினார். இவர்களில் யாரை ரவுடி என்பது?

2022-ல் மாநிலப் போட்டி திருச்சி ரைஃபிள் கிளப்பில் நடந்தபோது நடிகர் அஜித் குமார் போட்டியாளராக வந்தார், பார்க்கக் கூட்டம் முண்டியடித்தது. அவர் சுட்டால் ஊரே கைதட்டுகிறது. நம் பிள்ளை சுடப் போகிறேன் என்றால் கல்யாணக் கவலை வருகிறது. கல்யாணத்தைப் பற்றி நான் பேசப் போவதில்லை. அவள் இன்னும் பத்தாவதே முடிக்கவில்லை.

பணம் பற்றி நீ கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். வெளிநாட்டு மேட்ச் ரைஃபிள் லட்சங்களில் போகும். இப்போதைக்கு அது தேவையே இல்லை, கிளப் ரைஃபிளில் பழகலாம். ஜாக்கெட்டுக்கும் கட்டணத்துக்கும் நான் இருக்கிறேன், தாய்மாமன் என்று எதற்கு இருக்கிறேன். மெடல் வரும், ஸ்போர்ட்ஸ் கோட்டா வரும் என்று கணக்குப் போட்டு மட்டும் அவளை அனுப்பாதே. அந்தக் கணக்கு தலையில் ஏறினால் கை ஆடும்.

என் பக்கத்திலிருந்து சில உறுதிகள் தருகிறேன். பின்னால் அவளுக்கென்று ரைஃபிள் வாங்கினாலும், 18 வயது ஆகும்வரை அது உன் வீட்டுக்கு வராது. பயிற்சி இல்லாத நேரத்தில் அது என் வீட்டில் பூட்டிய பெட்டிக்குள் இருக்கும், ரவை வேறு இடத்தில், சாவி என்னிடம். கோச்சோ நானோ பக்கத்தில் இல்லாமல் அவள் ஒரு ரவைகூடச் சுடமாட்டாள். பறவை மேல் ஒருநாள் குறி வைத்தாள் என்று தெரிந்தாலும் அன்றோடு நானே நிறுத்திவிடுவேன், அதை அவளிடமும் சொல்லிவிட்டேன். பொதுத் தேர்வு வரை வாரம் ஒரு நாள் மட்டும்.

பதிலுக்கு நான் கேட்பது ஒன்றுதான். வருகிற ஞாயிற்றுக்கிழமை பாப்பாவோடு நீயும் வா. மன்னார்குடியில் காலை ஆறு மணி பஸ்ஸில் ஏறினால் தஞ்சாவூர் வழியாக நேரத்துக்கு வந்துவிடலாம், நான் பஸ் ஸ்டாண்டில் நிற்கிறேன். அவள் பழகும் நேரம் முழுக்க பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார். கோச்சிடம் என்ன வேண்டுமானாலும் கேள், மாமியார் கேட்கச் சொன்னதையும் கேள். பார்த்த பிறகும் வேண்டாம் என்று தோன்றினால் அதை அவளிடம் நீயே சொல், காரணத்தோடு சொல், நான் குறுக்கே வரமாட்டேன்.

அவளைத் தட்டையான அடி வைத்த ஷூ போட்டு வரச் சொல். தலையை இறுக்கிப் பின்னிவிடு, போன தடவை முடி கண்ணில் விழுந்துகொண்டே இருந்தது. காலையில் காபி வேண்டாம், கை நடுங்கும். இரண்டு இட்லி போதும். அத்தானுக்கு லீவு கிடைத்தால் அவரும் வரட்டும்.

அன்புடன்,
உன் தம்பி