பொட்டு ஆடு வளர்க்க வரும் தங்கச்சிக்கு

அன்புள்ள தங்கச்சிக்கு,

மாப்பிள்ளை அனுப்பிய எக்செல் கணக்கை இரண்டு தடவை பார்த்தேன். 100 மறி (பெட்டை ஆடு), 5 கிடா, தரைக்கு மேலே பலகை அடித்த பரண் கொட்டகை, மூன்றாம் வருஷம் போட்ட முதல் கைக்கு வந்துவிடும் என்று கடைசி வரி பச்சையாக இருக்கிறது. தீவனத்துக்கு ஒரு வரி, மருந்துக்கு ஒரு வரி, இன்சூரன்ஸுக்குக்கூட ஒரு வரி. செத்துப்போகும் குட்டிக்கு மட்டும் வரி இல்லை. முதலில் அதைச் சேர்க்கச் சொல்.

நீங்கள் இருவரும் வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வருவதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை. அம்மா சொல்வதே போதும். வேம்பூர்ச் செம்மறி ஆடுதான் வேண்டும் என்று முடிவெடுத்தீர்களே, அதில் எனக்கு உள்ளூரச் சந்தோஷம். வெள்ளை உடம்பில் செம்மண்ணை அள்ளித் தெளித்த மாதிரி பொட்டு, தொங்கு காது, நெட்டைக் கால். கிடாவுக்குக் கொம்பு உண்டு, மறிக்குக் கிடையாது. விளாத்திகுளம், நாகலாபுரம் பக்கம் பொட்டு ஆடு என்று கேட்டால் சட்டென்று புரியும். நாம் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது பட்டிக்குப் பட்டி இதுதான் நின்றது. இப்போது போய்ப் பார். பொட்டு இருக்கும், காது வேறு மாதிரி இருக்கும். காது சரியாக இருந்தால் உடம்பு முழுக்கச் சிவப்பாக இருக்கும்.

ஏன் இப்படி ஆனது என்று யோசித்திருக்கிறாயா? நன்றாக வளர்ந்த கிடாக்குட்டிதான் முதலில் விலை போகிறது. பக்ரீத்துக்கு, கோயில் கொடைக்கு என்று வியாபாரி வாசலில் வந்து நிற்பார். நாமும் கொடுத்துவிடுவோம். விலை போகாத நோஞ்சான் பட்டியிலேயே தங்கும், அடுத்த ஈத்துக்கு அதுவே அத்தனை குட்டிக்கும் அப்பன். சில வருஷம் இப்படிப் போனால் ஆடு சிறுத்துவிடும். அப்புறம் ‘இந்த இனத்தில் எடை இல்லை’ என்று நாமே குறை சொல்லி வெளிக்கிடாவைக் கொண்டுவந்து சேர்ப்போம்.

நானும் அதைத்தான் செய்தேன். சந்தையில் கழுத்து தடித்த ஒரு சிவப்புக் கிடாவைப் பார்த்து ஆசைப்பட்டு வாங்கிவந்தேன். இரண்டு வருஷம் குட்டிகள் கொழுகொழு என்று நல்ல விலைக்குப் போயின. மூன்றாம் வருஷம் மழை பொய்த்தது. என் பழைய பொட்டு மறிகள் வெயிலில் கருவேல நெத்துப் பொறுக்கிக்கொண்டே கண்மாய்க்கரை வரைக்கும் நடந்தன. சிவப்புக் கிடாவின் வாரிசுகள் உச்சிப்பொழுதுக்கே உடைமர நிழலில் படுத்துவிட்டன. அடித்தாலும் எழுந்திருக்காது. அந்தக் கோடையில் அவற்றை என்ன விலைக்குத் தள்ளினேன் என்று மாப்பிள்ளையிடம் சொல்லாதே.

100 மறி என்ற எண் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். மத்திய அரசின் தேசிய கால்நடை இயக்கத்தில் 100 மறி 5 கிடாவுக்கு 10 லட்சம் வரை, 500 மறி 25 கிடாவுக்கு 50 லட்சம் வரை மானியம். மானியம் பாதிச் செலவுக்குத்தான், மீதி நம் கையிலிருந்தோ வங்கியிலிருந்தோ போக வேண்டும். அப்பா விட்டுப்போன 6 ஏக்கரில் 100 மறியை எங்கே மேய்ப்பாய்? 12 மறி, ஒரு கிடா. இரண்டு ஈத்து பார். பட்டி தானாகப் பெருகட்டும்.

பரண் கொட்டகையும் வேண்டாம். வெள்ளாட்டுக்கு வேண்டுமானால் சரி. இது நடக்கிற ஆடு, இதைப் பலகையில் நிறுத்தி மூட்டைத் தீவனம் போட்டு வளர்ப்பதென்றால் இந்த இனமே எதற்கு? மேட்டில் ஒரு பட்டி, நனையாமல் நிற்கக் கூரை, தெருநாய் தாண்டாத வேலி, அவ்வளவு போதும். வரப்போரம் அகத்தியும் வேலிமசாலும் போடு. ஒரு ஏக்கரை உழாமல் விட்டுக் கொழுக்கட்டைப்புல் தூவு. அறுவடை முடிந்து சித்திரையில் காடு சும்மா கிடக்கும்போது ராத்திரி ஆட்டை அங்கேயே அடைத்துக் கிடை போடு. இன்றைக்கு ஒரு மூலை, நாளைக்கு அதற்கடுத்த இடம். புழுக்கையும் மூத்திரமும் விழுந்த இடத்தில் புரட்டாசியில் போடும் உளுந்து, வித்தியாசத்தைத் தானே காட்டும். ‘ஆட்டு எரு அவ்வருஷம், மாட்டு எரு மறுவருஷம்’ என்று பெரியவர்கள் சொல்வார்களே. நீங்கள் வாய் ஓயாமல் சொல்லும் இயற்கை விவசாயம் பாதி இதிலேயே முடிந்துவிடும். ஒன்று மட்டும் கவனம்: சீமைக்கருவேல நெத்தைத் தின்ற ஆடு, விதையைப் புழுக்கையோடு உன் காட்டிலேயே போட்டுவிடும். முளைத்ததும் பிடுங்கு.

ஒரு சனிக்கிழமை விடியுமுன் எட்டயபுரம் சந்தைக்கு வா. முதல் தடவை பணம் கொண்டுவராதே, வேடிக்கை மட்டும். மறியின் கீழுதட்டை இறக்கிப் பல்லைப் பார்க்கச் சொல்லித் தருகிறேன். பெரிய பல் இரண்டோ நாலோ உள்ளதாக எடு. எட்டும் முளைத்துத் தேய்ந்திருந்தால் கிழவி. அப்புறம் கீழிமையைப் பிதுக்கிப் பார். உள்ளே சிவந்திருந்தால் நல்லது, வெளுத்திருந்தால் வயிற்றில் புழு ரத்தம் குடிக்கிறது. கடைசியாக மடியைக் கையால் தடவு. கட்டி தட்டுப்பட்டால் பேசாமல் நகர்ந்துவிடு, எவ்வளவு குறைத்துச் சொன்னாலும். வயிறு புடைத்து நிற்பதைப் பார்த்துச் சினை என்று நம்பாதே. விடியற்காலையில் குடிக்கவைத்த தண்ணீராகவும் இருக்கும்.

நோயைப் பற்றி இப்போதைக்கு இரண்டே சொல்கிறேன். முதல் மழைக்கு முளைத்த இளம்புல்லில் பசியோடு விடாதே. அதில்தான் துள்ளுமாரி நோய் வரும், அது கொழுத்த குட்டியைத்தான் தேடும். சாயங்காலம் துள்ளிக்கொண்டிருந்தது காலையில் விறைத்துக் கிடக்கும். தடுப்பூசியை மழைக்கு முன்பே போட்டுவிட வேண்டும். இன்னொன்று நீலநாக்கு, ஐப்பசி கார்த்திகையில் கொசுவைவிடச் சின்னப் பூச்சி கடித்து வருவது. 1997-98ல் தென்மாவட்டங்களில் பட்டி பட்டியாகக் காலியானது அதனால்தான். அதற்கும் ஆட்டுக்கொல்லி நோய்க்கும் தடுப்பூசி உண்டு. எது எந்த மாதம் என்று கால்நடை மருந்தகத்தில் கேட்டுக் காலண்டரில் குறித்துவை.

கிடாவுக்கு வருகிறேன். நீ வருவதில் எனக்குச் சுயநலமும் இருக்கிறது. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை கிடாவை மாற்றாவிட்டால் அப்பனே மகளோடு சேர்ந்துவிடும். சுத்தமான பொட்டுக் கிடாவுக்கு நான் எங்கே போவது? உன் பட்டி ஒன்று இருந்தால் என் கிடா அங்கே, உன் கிடா இங்கே.

தை மாசத்தில் பிறந்த ஒன்றைத் தனியாகக் கட்டி வைத்திருக்கிறேன். காது முழுக்கப் பொட்டு, முன்னங்கால் இரண்டும் தூண் மாதிரி. பக்ரீத்துக்கு ஒருவர் வந்து மூன்று தடவை விலையை ஏற்றினார். மூன்றாவது தடவை உன் மதினி என் முகத்தையே பார்த்தாள். கொடுக்கவில்லை. ஆவணிக்குள் வந்து ஓட்டிக்கொண்டு போ. அதுக்கப்புறம் அவள் பேச்சுக்கு நான் பொறுப்பில்லை.

இப்படிக்கு,
அண்ணன்